மீன் நிமிடம்

வாளிகளை வைப்பதுதான் ஜெபக்கனியின் முதல் வேலை. பேருந்துக்குள் இரண்டு வரிசையாக நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலிக்கும் வலப்பக்கத்தில் ஒரு நீல வாளி. இடப்பக்கம் வைத்துப் பயனில்லை. வினோலியா வலப்பக்கம் திரும்பித்தான் வாந்தி எடுத்தாள். அதனால் அவள் உடம்பைப் போட்டுக்கொள்கிற பிள்ளைகள் எல்லோரும் வலப்பக்கம்தான் திரும்பினார்கள்.

வினோலியா ஜெபக்கனியின் ஒரே மகள். பிளஸ் டூ படிக்கும்போது இறந்துபோனாள்.

"அண்ணே, இது நெசமாவே செத்தவ உடம்பாண்ணே?" என்று கேட்டான் அன்றைக்கு முதல் நாற்காலியில் உட்கார்ந்த பையன். பரமன்குறிச்சிப் பக்கத்து மேல்நிலைப் பள்ளி. பதினொன்றாம் வகுப்பு.

பேருந்தை ஓட்டுவதும் தொப்பிகளை மாட்டுவதும் சுடலைதான். "உடம்பு இல்லல. உடம்பு பட்டது" என்றான். "அவ நரம்பு அவ மூளைக்கு என்ன சொல்லிச்சோ, அத அப்படியே புடிச்சு வச்சிருக்கு. தொப்பியப் போட்டா உன் மூளைக்கும் அதே சேதிதான் போவும். உன் ஈரலுக்கு ஒண்ணும் ஆவாது. பயப்படாத."

"மனசுல நெனச்சதும் தெரியுமாண்ணே? லவ்வர் பேரெல்லாம்?"

"நெனப்பும் வராது, சத்தமும் வராது. கண்ணுக்கும் ஒண்ணும் தெரியாது. வெறும் உடம்புதான். வாய மூடிட்டு உக்காரு."

பின்வரிசையில் ஒருவன் வாயைத் திறந்து திறந்து மூடினான், கரையில் தூக்கிப் போட்ட மீனைப் போல. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். போன வருடம் தொப்பி போட்ட அண்ணன்மார் சொல்லிக்கொடுத்தது. பதிவின் கடைசியில் ஒரு நிமிடம், தொப்பி போட்ட எல்லோருடைய வாயும் தானாக அப்படித் திறந்து மூடும். அதற்குப் பையன்கள் வைத்திருந்த பெயர் மீன் நிமிஷம். திருச்செந்தூரிலிருந்து விளாத்திகுளம் வரை எந்தப் பள்ளிக்குப் போனாலும் ஜெபக்கனியைக் கண்டதும் யாராவது ஒருவன் ஜன்னல் வழியாக மீன் வாய் காட்டுவான். வாளிக்காரியைக் கேலி செய்கிறார்கள் என்று அவள் விட்டுவிடுவாள்.

பதிவு ஓடியது. முதலில் குமட்டல். அடுத்து பிள்ளைகள் வலது விலாவைப் பிடித்துக்கொண்டு அலறினார்கள். லவ்வர் பேர் கேட்ட பையன் நாற்காலிக் கைப்பிடியைக் கடித்தான். ஜெபக்கனி வாளியை அவன் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "போதும்ல, நடிக்காத" என்றாள். "எம் மவளே இப்படி அழல."

அவள் மனமறிந்து பொய் சொல்லவில்லை. அவளிடம் வீட்டுப் பிரதி இருந்தது.

வினோலியாவைக் கொன்றது காய்ச்சல் மாத்திரை. செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம் காய்ச்சல் வந்தது. ஜெபக்கனி வழக்கம்போல் மெடிக்கலில் போய், "காச்சலுக்கு ரெண்டு நாளைக்கு செட்டு குடுங்க" என்று வாங்கிவந்தாள். கடைக்காரர் நாலைந்து அட்டைகளிலிருந்து கத்தரித்து, காகிதப் பொட்டலத்தில் போட்டுக்கொடுத்தார். கத்தரித்ததில் பெயர் எந்தத் துண்டிலும் முழுதாக இல்லை. தலைவலிக்கு நன்றாகக் கேட்கும் என்று தோழி ஒருத்தி வேறு மாத்திரை கொடுத்திருந்தாள். உடம்பு வலிக்கு வீட்டு டப்பாவில் கிடந்தது இன்னொன்று. மூன்றும் மூன்று நிறம். மூன்றிலும் இருந்தது ஒரே மருந்துதான், அளவு மிஞ்சினால் ஈரலைத் தின்கிற மருந்து. தேர்வு எழுதியாக வேண்டும் என்று வினோ மூன்றையும் வேளை தவறாமல் போட்டுக்கொண்டாள். ஒழுங்கான பிள்ளை. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, எழுந்து தேர்வும் எழுதினாள். அதற்கடுத்த நாள் கண் மஞ்சளாயிற்று.

ஆஸ்பத்திரியில், இனி ஈரல் திரும்பாது என்று தெரிந்த அன்றைக்குத்தான் ஹரிகரன் வந்தார். மருந்தறிவுத் திட்டத்தின் மாவட்ட ஒருங்கிணைப்பாளர். இஸ்திரி கலையாத சட்டை, மெதுவான பேச்சு.

"உங்க பொண்ணு போகப்போறாம்மா. அதை நம்மால நிறுத்த முடியாது. ஆனா அவ உடம்பு படறத நாங்க பதிஞ்சு வச்சா, ஆயிரம் பிள்ளைங்க இந்தத் தப்பைப் பண்ண மாட்டாங்க."

"எம் புள்ளைக்கு வலிக்குமா சார்?"

"தொப்பியால ஒரு வலியும் இல்லம்மா. ஒண்ணே ஒண்ணுதான், பதிவு சுத்தமா வரணும். வேற எந்த மருந்தும் கலக்காம எடுக்கணும்."

ஜெபக்கனி கையெடுத்துக் கும்பிட்டாள். "எந்த எளவு மருந்தும் இனி வேண்டாம் சார். மருந்தாலதான எம் புள்ள இப்படிக் கெடக்கா. ஒண்ணும் குடுக்க வேண்டாம்னு நீங்களே டாக்டர்ட்ட சொல்லிருங்க."

அவர் சொல்லிவிட்டார்.

உள்ளே இருந்து கையைப் பிடித்தால் அவள் கையின் சூடும் பதிவில் சேர்ந்துவிடும் என்று நர்ஸ் அவளை வெளியே நிற்க வைத்தாள். கண்ணாடிக் கதவு. கட்டிலின் இடப்பக்கம். அன்று சாயங்காலம் முழுக்க ஜெபக்கனி அங்கே நின்றாள். ஆக்சிஜன் மூடிக்குள் வினோவின் உதடு அசைவது தெரிந்தது. பிள்ளை ஜெபம் பண்ணுகிறாள் என்று அவளுக்கு விளங்கியது. அவளும் வெளியில் முழங்கால் போட்டுக் கூடவே ஜெபம் பண்ணினாள். மகள் உதடு அசைவது நின்ற பிறகுதான் ஆமென் சொன்னாள். அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து, எம் புள்ள ஜெபிச்சுக்கிட்டே போனா என்று சாட்சி சொன்னாள். கேட்டவர்கள் அழுதார்கள். பாஸ்டர் அந்த வருடம் முழுக்க அதைப் பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஹரிகரன் ஒரு சின்னத் தொப்பியைக் கொண்டுவந்தார். "இது வீட்டுப் பிரதிம்மா. அந்தப் பதிவுதான். போட்டுப் பாருங்க. குமட்டல் அடங்கினப்புறம் அவ தூங்கிட்டா."

ஜெபக்கனி போட்டுப் பார்த்தாள். கைகால் கனத்து, உள்ளங்கை வெதுவெதுத்து, மூச்சு சீராக ஏறி இறங்கியது. வலது தோள் தலையணையில் அமுங்கியிருந்தது. "வினோதான் சார்" என்றாள். "அவ ஒருச்சாய்ச்சுதான் படுப்பா. எனக்குத் தெரியாதா?" அதன்பிறகு ராத்திரி தவறாமல் அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு மகளின் தூக்கத்துக்குள் தூங்கினாள். பேருந்தில் வேலை கொடுத்தபோது, பிள்ளைகள் ஏன் இப்படி அலறுகிறார்கள் என்று கேட்டாள். குமட்டல் உங்க பொண்ணோடது, அலறல் அவங்க பயத்தோடது என்றார் ஹரிகரன். அவள் நம்பினாள். நம்பாமல் எப்படித் தூங்குவது?

வகுப்பு முடிந்ததும் அவள் முன்னால் நின்று பேசுவாள். செட்டு மாத்திரை வாங்காதீர்கள். பெயர் வெட்டின அட்டையைத் தொடாதீர்கள். மூன்று பெயருக்குள் ஒரே மருந்து இருக்கும். பிள்ளைகள் வெளுத்த முகத்தோடு கேட்டுக்கொள்வார்கள். மாத்திரையால் ஆஸ்பத்திரிக்கு வருகிற பிள்ளைகள் மாவட்டத்தில் குறைந்துதான் போனார்கள். உடன்குடிப் பக்கம் ஒரு பையன் வகுப்புக்குப் பிறகு மருந்து என்றாலே நடுங்கி, மூச்சிரைப்புக்கு இழுக்கிற மருந்தைக் கிணற்றில் போட்டுவிட்டு, விளையாட்டுத் திடலில் மூச்சு முட்டிச் செத்தான். அது நம்ம கணக்குல வராது என்றார் ஹரிகரன். ஜெபக்கனிக்கும் அவனுக்காக அழுகை வரவில்லை. மருந்தைப் போடாமல்தானே செத்தான், போட்டா செத்தான் என்று நினைத்தாள். அவள் மனசு அப்படித்தான் ஆகியிருந்தது.

காது கேளாதோர் பள்ளிக்குப் பேருந்து போனது ஆடி மாதத்தில்.

அங்கே அலறல் வேறு மாதிரி இருந்தது. தங்கள் குரல் தங்களுக்குக் கேட்காததால் அந்தப் பிள்ளைகள் அதை அடக்கத் தெரியாமல் விட்டார்கள். சுடலை இறங்கிப்போய் வெளியில் நின்று பீடி பற்றவைத்தான். ஒருத்தி மட்டும் வாந்தி எடுக்கவில்லை. தொப்பியைக் கழற்றிய பிறகும் நாற்காலியில் உட்கார்ந்து, வாயை மெதுவாக அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதையோ மென்று ருசி பார்ப்பதுபோல. பேச்சியம்மாள் என்று பெயர். பேச்சு வராதவளுக்குப் பேச்சி என்று எவன்டி பேர் வச்சான் என்று ஊரில் கேட்பார்களாம். அவளுக்குப் பேச்சு வரும். ஏற்ற இறக்கம் இல்லாமல், ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசினாள்.

"நீங்க. அந்த அக்காவோட. அம்மாவா?"

"ஆமா மக்கா. வாளில எடுத்துக்கோ, கூச்சப்படாத."

"அக்கா. உங்களக் கூப்பிட்டாங்க."

ஜெபக்கனி சிரித்தாள். "அதுல சத்தம் வராது பாப்பா. உனக்குச் சத்தமும் கேக்காது. வெளையாடாத."

பேச்சி அவள் கையைப் பிடித்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டாள். "எனக்கு இப்படித்தான் பேச்சு சொல்லித் தந்தாங்க. டீச்சர் தொண்டைல கை வைப்பேன். வாய்க்குள்ள, மேல, தேன் தடவுவாங்க. நாக்கு எங்க போகணும்னு. தேன் இருக்கிற எடத்த நாக்கு தொட்டா, ட வரும். நீங்கள்லாம் காதுல கேட்டுப் பேசுறீங்க. நான் நாக்கு பாத்துப் பேசுறேன். அக்கா நாக்கு, என் வாய்க்குள்ள பேசிச்சு. எனக்குத் தெரியும்."

"அது ஜெபம் மக்கா. எம் புள்ள ஜெபம் பண்ணிட்டு இருந்தா."

பேச்சி அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இல்லை என்று தலையசைத்தாள். "ஒண்ணுதான். திரும்பத் திரும்ப. அம்மா. ஊசி போடச் சொல்லு. அம்மா. ஊசி போடச் சொல்லு. ரொம்ப நேரம். அப்புறம் ஊசி இல்லை. அம்மா மட்டும்."

ஜெபக்கனி கையை உருவிக்கொண்டாள். பிள்ளையின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பேச்சி அழவில்லை. அடித்த கையைத் திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

பள்ளியில் மத்தியான மணி அடித்ததும் ஜெபக்கனி சுடலையிடம் வந்து, "தம்பி, எனக்கு அந்தத் தொப்பிய மாட்டு" என்றாள்.

"உங்களுக்கு எதுக்குக்கா? அதான் வீட்டுல இருக்கே."

"ரெண்டும் ஒண்ணுதான?"

சுடலை பீடியைக் கீழே போட்டு மிதித்தான். ரொம்ப நேரம் மிதித்தான். "வேண்டாங்க்கா" என்றான்.

"ஏன் வேண்டாங்குத?"

"பெத்தவங்களுக்குப் போடக்கூடாதுன்னு சார் சொல்லிருக்காரு. எம் பொழப்பு போயிரும்."

அவள் தானே போய் நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டாள். வாளியைத் தேடினாள். வலப்பக்கம் இருந்தது. சுடலை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பொத்தானை அழுத்தினான்.

குமட்டல் வந்தது. அது அவள் எதிர்பார்த்ததுதான். அடுத்து வலது விலாவுக்குக் கீழே யாரோ பழுக்கக் காய்ச்சிய கரண்டியை நுழைத்து, உள்ளேயே வைத்துத் திருப்பினார்கள். எடுக்கவில்லை. தூக்கம் இப்போது வரும், இப்போது வரும் என்று அவள் காத்திருந்தாள். கரண்டி முதுகுவரை போயிற்று. தொண்டை வறண்டு நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. முகத்தில் ரப்பர் மூடியின் விளிம்பு அறுத்தது. விரல்கள் விரிப்பைப் பிறாண்டின. கழுத்து இடப்பக்கம் திரும்பியது, நரம்பு தெறிக்கிற அளவுக்கு. கண்மணிகள் இரண்டும் இடது ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு வலித்தன. கண்ணாடிக் கதவு இடப்பக்கம்.

பிறகு அவளைக் கேட்காமலே அவள் உதடுகள் ஒட்டின. திறந்தன. ஒட்டித் திறப்பதற்கு யாரும் தேன் தடவிச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்து உதடு குவிந்தது. நாக்கு பல்லுக்குப் பின்னால் உரசியது. மறுபடி உதடு ஒட்டிப் பிரிந்தது. நாக்கின் நுனி வளைந்து மேலே போய்த் தொட்டது. கதவுக்கு வெளியே முழங்காலில் நிற்பவளைப் பார்த்துக்கொண்டே அந்த வாய் அதைச் சொன்னது. மறுபடி சொன்னது. வெளியே நிற்பவள் கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டதையும் அந்தக் கண் பார்த்திருக்கும். அதற்குப் பிறகுதான் உதடு ஒட்டுவதும் திறப்பதும் மட்டும் மிஞ்சியிருக்கும்.

சுடலை தொப்பியைக் கழற்றியபோது வாளி காலியாக இருந்தது. அவள் நாற்காலிக் கைப்பிடியைக் கடித்திருந்தாள்.

மறுநாள் ஹரிகரன் மேற்பார்வைக்கு வந்தார். அவள் கேட்டதில் அவர் எதையும் மறுக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய அடியாக இருந்தது.

"டாக்டர் வலிக்கு ஊசி எழுதித்தான் வச்சிருந்தாரும்மா. ஊசி போட்டா நரம்பு மரத்துப்போகும், பதிவு ஒண்ணுக்கும் ஆகாது. அதனாலதான் அன்னிக்கே உங்ககிட்ட கேட்டேன். எந்த மருந்தும் வேண்டாம்னு நீங்கதானே கும்பிட்டுச் சொன்னீங்க?"

"நான் அவளக் கொன்ன மருந்தத்தான் சார் சொன்னேன்."

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"வீட்டுல இருக்கது? அதுல எம் புள்ள தூங்குதாளே?"

ஹரிகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது பயிற்சிக்கு வந்த ஒரு நர்ஸ் பொண்ணு மத்தியானம் தூங்கினப்ப எடுத்தது. எல்லாக் குடும்பத்துக்கும் அதைத்தான் குடுக்கிறோம். இதுவரைக்கும் ஒரு தாய்கூட இது எம் பிள்ளை இல்லைன்னு சொன்னதில்ல."

ஜெபக்கனி ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் வரிசை கட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பள்ளி.

"கடேசி நிமிஷத்த மட்டுமாச்சும் வெட்டிருங்க சார். மத்ததெல்லாம் ஓடட்டும்."

"அந்த நிமிஷத்துலதாம்மா அளவே ஏறுது" என்று அவர் திரையைக் காட்டினார். பிள்ளைகளின் பயம் அதில் பச்சைக் கோடாக ஏறும். "அதை வெட்டினா இது சாதாரண வயித்துவலி. அதோட, இது இப்ப நம்ம மாவட்டம் மட்டும் இல்ல. இந்த நேரத்துல எத்தனை பஸ்ல ஓடிட்டிருக்கோ, எனக்கே தெரியாது."

எத்தனை பேருந்தில் வினோ கழுத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள் என்று அவளுக்கும் தெரியவில்லை. போய் வாளிகளை வைத்தாள்.

பிள்ளைகள் ஏறினார்கள். ரெட்டைச் சடை, ரிப்பன். ஒருத்தி தோழியைப் பார்த்து மீன் வாய் காட்டினாள். தோழி, "சீ, வாய மூடுடி, நாத்தம்" என்றாள். சுடலை தொப்பிகளை மாட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினான். குமட்டல் வந்தது. விலா வந்தது. ஜெபக்கனி யாரையும் அதட்டவில்லை. ஹரிகரன் படியருகில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்காலியில் இருந்த அத்தனை கழுத்துகளும் ஒருசேர இடப்பக்கம் திரும்பின. அத்தனை வாய்களும் திறந்தன.

"போடச் சொல்லுதேன் மக்கா" என்றாள் ஜெபக்கனி. "இந்தா சொல்லுதேன்." குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "ஏ நர்சம்மா, ஊசி போடுங்க. எம் புள்ள கேக்கா, உங்களுக்குக் காது இல்லியா? டாக்டரக் கூப்புடுங்க. பதிவும் வேண்டாம், ஒரு மயிரும் வேண்டாம், தொப்பியக் கழட்டுங்க. வினோ, அம்மா வந்துட்டேன். அம்மா உள்ளதான் நிக்கேன், பாரு." முதல் நாற்காலிப் பிள்ளையின் கையைப் பிடித்தாள். அந்தக் கை விரிப்பைத் தேடிப் பிறாண்டிக்கொண்டிருந்தது. அதை விட்டு அடுத்த கையைப் பிடித்தாள். அடுத்தது. தொப்பி பிள்ளைகளின் கண்ணைத்தான் மூடியிருந்தது; காது திறந்துதான் இருந்தது. தங்கள் வாய் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

பதிவு முடிந்தும் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. மீன் வாய் காட்டியவள் தன் உதட்டை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். டீச்சர்கள் வந்து ஒவ்வொருத்தியாகப் பிடித்து இறக்கினார்கள்.

ஜெபக்கனி வாளிகளை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். வேலை போய்விட்டது என்று அவளுக்குத் தெரியும். இன்றைக்கோடு இந்தப் பேருந்தைப் பார்க்க வேண்டாம். அது ஒன்றுதான் நிம்மதி.

ஹரிகரன் குழாயடிக்கே வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. பொய்க் கலக்கம் இல்லை.

"இத்தனை வருஷத்துல கோடு அந்த உசரத்துக்குப் போய் நான் பார்த்ததே இல்லம்மா" என்றார். "அந்தப் பிள்ளைங்க இனி ஜென்மத்துக்கும் மாத்திரை அட்டையத் தொடாது. நாளைக்கு மூணு பள்ளிக்கூடம் இருக்கு. இதே மாதிரி சொல்லுங்க. கழுத்து திரும்பினதும் ஆரம்பிங்க, அதுக்கு முன்னால வேண்டாம். அந்தக் கெட்ட வார்த்தையும் இருக்கட்டும், அது நிஜமா இருக்கு."

அவள் வாளியைக் கவிழ்த்து வைத்தாள். வரமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"நீங்க வரலேன்னாலும் பரவாயில்ல" என்றார் ஹரிகரன், அதே மெதுவான குரலில். "பதிவு எப்படியும் ஓடத்தான் போகுது."

மறுநாள் காலையில் கழுத்துகள் திரும்பியபோது ஜெபக்கனி நாற்காலிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். வினோ தேடிய இடப்பக்கத்தில்.